மலிவான கேபிளும் விலையுயர்ந்த கேபிளும்

சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறியை ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். கோப்பு ஒன்றைத் திறக்கவே நெடுநேரம் ஆயிற்று. சில வேளைகளில் அப்படியே நின்றுபோயிற்று. திருச்சிக் கடையொன்றில், “வன்தட்டு போய்விட்டது, புதிது போட நாலாயிரம் ஆகும்” என்று சொல்லிவிட்டார்களாம். காலமான தாத்தாவின் குரற்பதிவுகள் அந்த வன்தட்டில்தான் இருந்தன. நான் வன்தட்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் கேபிளை மட்டும் மாற்றினேன். நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கணிப்பொறி பழையபடி ஓடியது.

“விலை கூடிய கேபிள் போட்டால் இன்னும் வேகமாக ஓடுமா, சார்?” என்று கேட்டார் அவர். விடை காணக் கேபிளுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம்.

பழைய கணிப்பொறிகளில் பட்டையான நாடா போன்ற கேபிள் இருந்தது. 40 கம்பிகள், அவற்றுள் 16 கம்பிகளில் 16 பிட்டுகள் ஒரே நேரத்தில் சென்றன. வேகத்தைக் கூட்டியபோது ஒரு கம்பியின் குறிப்பு பக்கத்துக் கம்பியிலும் எதிரொலித்தது. பரிமாற்று மின்தூண்டல் என்று நீங்கள் படிப்பதும் இதற்கு ஒரு காரணம். எனவே ஒவ்வொரு கம்பிக்கும் நடுவே ஒரு தரை இணைப்புக் கம்பியைச் செருகி 80 ஆக்கினார்கள். நீளமும் 46 செ.மீ.க்கு மேல் கூடாது. அப்படியும் வேறொரு தொல்லை தீரவில்லை. சித்திரைத் தேரின் வடம் பிடிப்போர் எல்லாரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். 16 பிட்டுகளும் அவ்வாறே ஒன்றாக வந்து சேர வேண்டும். வேகம் ஏற ஏற அது இயலாமற் போயிற்று.

2003 இல் வெளிவந்த சாட்டா முறையில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. கேபிளில் ஏழே கடத்திகள்: மூன்று தரை இணைப்பு, மீதி நான்கும் போக ஓர் இணை, வர ஓர் இணை. ஏன் இணை? சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்தில் இருவர் நிற்பதாகக் கொள்ளுங்கள். பேருந்து குலுங்கும்போது இருவர் தலையும் ஏறி இறங்கும். அவர்களுடைய உயர வேறுபாடு மாறாது. இணையின் ஒரு கம்பியில் +0.25 வோல்ட், மற்றதில் −0.25 வோல்ட் எனக் கொள்வோம். வெளியிலிருந்து 0.1 வோல்ட் இரைச்சல் இரண்டிலும் புகுந்தால் +0.35, −0.15 ஆகும். வேறுபாடு அதே 0.5 தான்!

மூன்றாம் தலைமுறைச் சாட்டாவில் வினாடிக்கு 600 கோடி பிட்டுகள் செல்லலாம். கேபிளில் குறிப்பின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதாவது வினாடிக்கு 20 கோடி மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு பிட்டின் நீளம் ஏறக்குறைய 3.3 செ.மீ. அரை மீட்டர் கேபிளுக்குள் ஒரே நேரத்தில் 15 பிட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்.

பிட்டு ஒன்று கெட்டுவிட்டால்? 4738 என்ற எண்ணை அனுப்பும்போது அதை 9 ஆல் வகுத்த மீதியான 4 ஐயும் உடன் அனுப்புங்கள். வழியில் அது 4788 ஆகிவிட்டால் மீதி 0, பிழை தெரிந்துவிடும். சாட்டா இதைவிட நுட்பமான வகுத்தலால் 32 பிட்டு மீதி ஒன்றை இணைக்கிறது. பிழை கண்டால் கணிப்பொறி அச்செய்தியை மறுபடி கேட்டு வாங்குகிறது. ஆகவே கெட்ட கேபிள் பெரும்பாலும் தரவைச் சிதைப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. மாணவர் வீட்டில் நடந்தது இதுதான்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். ஸ்மார்ட் என்பது அக்குறிப்பின் பெயர். பல வன்தட்டுகளில் அதன் 199 ஆம் இனம் இத்தகைய பிழைகளின் எண்ணிக்கை. அவருடையதில் அது நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. கேபிளை மாற்றியபின் எண் குறையவில்லை, குறையவும் செய்யாது, ஏறுவது நின்றது. புது வன்தட்டு வாங்குமுன் பார்க்க வேண்டிய எண் இது.

சரி, விலை கூடினால் வேகம் கூடுமா? சுழலும் வன்தட்டு வினாடிக்கு ஏறத்தாழ 200 மெகாபைட்டு தரும். கேபிள் வழியோ 600 வரை தாங்கும். தங்க முலாம் பூசினாலும் வன்தட்டு விரைவாகச் சுழலாது. மலிவானதையே வாங்குங்கள். ஒரு மீட்டருக்கு மிகாமல், தேவையான அளவு குட்டையாக, முனையில் உலோகப் பிடிப்பு உள்ளதாக இருக்கட்டும். கூர்மையாக மடிக்காதீர்கள்.

ஆனால் மின்சாரம் தரும் இணைப்பில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம். பழைய நான்குமுள் இணைப்பைச் சாட்டாவுக்கு மாற்றித் தரும் மலிவான வார்ப்புப் பிளாஸ்டிக் வகைகளில், உள்ளே 12 வோல்ட் கம்பியும் தரைக் கம்பியும் நெருங்கிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பிடித்தது உண்டு. கம்பிகள் தனித்தனியே அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பது வெளியிலேயே தெரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.