ஒரு மூச்சு நின்று செல்க



செஞ்சிக்கு அருகே சிங்கவரம் குன்றில் அரங்கநாதப் பெருமான் பள்ளிகொண்டருளும் பல்லவர் காலக் குடைவரைக் கோயிலைச் சேவித்திருப்பீர்கள். இராஜா தேசிங்கின் வழிபடுதெய்வம் அப்பெருமானே என்பர். 1714-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படை செஞ்சியை நோக்கி வந்தபோது, இளைஞனான தேசிங்கு போருக்கு விடைபெறச் சந்நிதிக்கு வந்தான். பெருமான் உடன்படாது திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இவ்வூர் ஐதிகம். அக்குறிப்பைக் கண்டும் நில்லாது சென்றவன் களத்தில் வீழ்ந்தான். அவன் வீரத்தை நாட்டுப்பாடல்கள் இன்றும் போற்றுகின்றன. ஆயினும், 'சற்றே நின்றிருக்கலாகாதா?' என்னும் ஏக்கம் கேட்போர் நெஞ்சில் எழாமல் இராது.

நம்மிடம் குதிரையும் வாளும் இல்லை; அவ்விரைவு மட்டும் உண்டு. கடன், பிள்ளைகளின் தேர்வு, மகளின் திருமணம் எனக் கவலைகள் சூழும்போது நெஞ்சு படபடக்கிறது, மூச்சு குறுகுகிறது, உறக்கம் கெடுகிறது, உண்டது செரிப்பதில்லை. இவை உடம்பு நமக்குக் காட்டும் குறிப்புகள்.

அடியேனும் இதற்கு விலக்கல்லன். பணி ஓய்வுக்குப்பின் குடும்ப நிலவழக்கு ஒன்றை எண்ணி எண்ணி உறக்கமிழந்தேன், வீட்டாரிடமெல்லாம் சினந்தேன். ஒருநாள் சிங்கவரத்துப் படிகளில் தலைசுற்றி அமர்ந்துவிட்டேன். மருத்துவர் இரத்த அழுத்தம் மிகுந்துள்ளதென்று கூறி மாத்திரை அளித்தார். 'நாள்தோறும் பெருமானைச் சேவிப்பவனுக்கு மாத்திரை எதற்கு?' என மறுத்தேன். அன்றிரவு பெருமானின் திரும்பிய திருமுகம் நினைவில் எழுந்தது. குறிப்பறிந்தும் நில்லாதவன் தேசிங்கு மட்டும் அல்லன் என உணர்ந்தேன். மறுநாள் முதல் கைக்கொண்ட நெறிகள் இவை:

1. மூச்சு: சினம் எழுந்தால், மறுமொழி கூறுமுன் ஐந்து முறை மெல்ல மூச்சை இழுத்து, அதனினும் மெல்ல விடுக. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்தை விரித்துரைத்துள்ளார். மூச்சை அடக்கிப் பழகுதல் ஆசான் துணையின்றிக் கூடாது. மெல்ல விடுதல் யாவர்க்கும் எளிது.

2. நடை: பிராகாரத்தை விரையாது வலம் வருக. வாரந்தோறும் 150 நிமிடமேனும் சற்று விரைந்த நடை போன்ற உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனை வீட்டருகே தனியே நடந்து நிறைவு செய்க.

3. உணவு: வள்ளுவர் 95-ஆவது அதிகாரமாகிய 'மருந்து' என்பதில் மூலிகைப் பெயர் ஒன்றையும் கூறவில்லை. முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே வற்புறுத்தினார். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அமைக.

4. மருந்து: மருத்துவர் அளித்த மாத்திரையைத் தாமே நிறுத்தற்க. இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர்க்கு இல்லத்திலேயே மருந்து வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் 2021-இல் தொடங்கப்பெற்றது.

5. மனந்திறத்தல்: துயரை நம்பத்தக்கவரிடம் கூறுக. கூறுதற்கு ஒருவரும் இல்லையெனில் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். இதில் நாணத்திற்கு இடமில்லை.

நிலவழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் உறக்கம் மீண்டது. பேரப்பிள்ளைகள் அஞ்சாமல் அருகே வருகின்றனர். அன்பர்களே, இன்று தரிசனம் முடித்து வீடு திரும்பும்போது, வாயிற்படியில் ஒரு மூச்சு நின்று, பின் உள்ளே செல்லுங்கள். பெருமான் திருவருளால் உடல்நலமும் உளநலமும் பெருகுக!