கரந்துறையும் அம்மை

கள்ளக்குறிச்சியினின்று மேற்கே சென்று, கச்சிராயபாளையத்தைக் கடந்து மலையேறினால், கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலை என்னும் ஊரை அடையலாம். கோமுகி ஆறு பிறக்கும் மலை இதுவே. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டு அவரைக் கேரள நாட்டவர் எனக் கருதற்க. அவர் பேசுவது தமிழே.

தட்டம்மை இத்தகைய சிற்றூர்களில் நிலைத்து நில்லாது. பல நூறாயிரம் மக்கள் நெருங்கி வாழும் இடத்தில்தான் அஃது ஒருவரை விட்டு ஒருவரைப் பற்றி இடையறாது நிலவும். மலைக்கு அது கீழிருந்து வரும். முன்பு அம்மை காணாத சிறுவரைப் பற்றும். பின்னர்ப் பற்றுதற்கு ஆளின்றி ஒழியும். வேப்பிலை செருகிய வீட்டில், பிள்ளைக்குத் தலைக்கு நீர் வார்த்தபின், “அம்மை இறங்கிற்று” என்று பெற்றோர் ஆறுதல் அடைவர். ஊரைவிட்டு அம்மை போயிற்று என்பது மெய்யே. உடலைவிட்டும் எப்போதும் போய்விடுகின்றதா?

1988-ஆம் ஆண்டில் என் வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். செய்யுட்களைப் பிழையின்றி ஒப்பிப்பவன். பன்னிரண்டாம் வயதில் கற்றவை அவனுக்கு மறக்கலாயின, கையெழுத்துக் கோணிற்று. சோம்பல் எனக் கருதி அவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தினேன். சில திங்களில் அவன் கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பேனா கையினின்று தெறித்து விழும். மருத்துவர் அவன் தந்தையை முதலில் வினவியது, “குழந்தையில் இவனுக்கு மணல்வாரி கண்டதா?” என்பதே. ஒரு வயதில் கண்டது என்றார் தந்தை. மறு ஆண்டு வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. அவனை நிறுத்திவைத்ததை நினைந்து இன்றும் நாணுகின்றேன்.

மூளை சிறிது சிறிதாகக் கெடும் இந்நோயை எஸ்.எஸ்.பி.இ. என்பர். அமெரிக்க மருத்துவர் டாசன் என்பார், 1933-இல், இந்நோயால் இறந்தவரின் மூளை உயிரணுக்களுள் விந்தையான திரள்களைக் கண்டு எழுதினார். அவற்றின் காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1969-இல் இத்தகைய நோயாளரின் மூளையினின்று தட்டம்மை வைரசு பிரித்தெடுக்கப்பட்டது. அம்மை தணிந்து பெரும்பாலும் ஆறு முதல் பத்தாண்டு கழிந்தபின் தோன்றும் நோய் இது. அத்துணை ஆண்டுகள் அவ்வைரசு எங்ஙனம் ஒளிந்திருந்தது?

வைரசு உயிரணுவினுள் புகுந்தே தன்னைப் படியெடுத்துக்கொள்ளும். தட்டம்மை வைரசின் மரபுச்செய்தி, ஆர்.என்.ஏ. என்னும் இழையில் ஏறத்தாழ 16,000 எழுத்துகளால் ஆனது. அதனை ஓர் ஓலைச்சுவடி எனக் கொள்க. ஏடெழுதுவோர் சில ஏடுகளை விட்டுவிட்டு எழுதிய குறைப்படிகள் உண்டு. அவ்வாறே வைரசிலும் குறைப்படிகள் தோன்றும். குறைப்படி தனித்துப் பெருகமாட்டாது. முழுப்படியின் கருவிகளைக் கடன்கொண்டே பெருகும். ஆயினும் அளவிற் சிறிதாதலின் விரைந்து எழுதப்படும். எழுத்தாணி குறைப்படிகளுக்கே உழைக்க, முழுப்படிகள் அருகும். முழு வைரசு மிகுந்தால் உயிரணு மடியும். அருகினாலோ உயிரணுவும் மடியாது, வைரசும் ஒழியாது. ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் இந்நிலையை அறிஞர் கண்டுள்ளனர், எஸ்.எஸ்.பி.இ. நோயாளரின் மூளையிலும் குறைப்படிகள் காணப்பட்டன.

மூளையில் வேறொரு பிழையும் நேர்கின்றது. ஏடு விடுபடுதலேயன்றி எழுத்துகளும் திரிந்துவிடுகின்றன. வைரசு உருவமைந்து வெளியேறுதற்கு வேண்டிய ஒரு புரதத்தைப் பற்றிய பகுதி பெரிதும் சிதைகின்றது. ஆதலின் அது வெளியே வாராது, ஓர் உயிரணுவினின்று அடுத்ததற்கு உள்வழியே நகர்கின்றது. இந்நோயாளரின் குருதியில் தட்டம்மையை எதிர்க்கும் பொருள்கள் நிரம்ப உள, இருந்தும் பயனில்லை. காவலர் தெருவில் நிற்க, கள்வன் வீட்டுக்கு வீடு கன்னமிட்டுச் செல்வது போலாம்.

இரண்டு வயதுக்குமுன் அம்மை கண்டவர்க்கே இவ்விடர் மிகுதி. தென்னிந்தியாவில் இந்நோய் மிகுந்திருந்ததனை வேலூர், சென்னை மருத்துவர்கள் 1990-இல் எழுதினர். இதனை முற்றும் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. அம்மை வாராமற் காப்பதொன்றே வழி.

1954-இல் அமெரிக்காவில் எண்டர்சும் பீபிள்சும் எட்மன்ஸ்டன் என்ற சிறுவனின் குருதியினின்று தட்டம்மை வைரசைப் பிரித்தனர். அதனை வலுக்குறைத்துப் பெற்ற வகையொன்றே இந்தியாவில் தடுப்பூசியாக இடப்படுகின்றது. தடுப்பூசி வைரசு எஸ்.எஸ்.பி.இ. நோயாளர் மூளையில் காணப்பட்டதில்லை. நம் நாட்டில் 1985-இல் இஃது அனைவர்க்குமான திட்டத்தில் சேர்ந்தது; என் மாணவன் பிறந்தது அதற்கு முன்பு. இப்போது ஒன்பது திங்கள் நிறைந்தபின் ஒரு முறையும், பதினாறு திங்களுக்குமேல் மறுமுறையும் இடுகின்றனர். 2017-இல் தமிழ்நாடெங்கும் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு ருபெல்லாத் தடுப்பு மருந்துடன் சேர்த்து இட்டனர்.

இம்மருந்து வெப்பம் தாங்காது. செவிலியர் இதனைப் பனிக்கட்டிப் பைகள் வைத்த பெட்டியில் மலைமேல் எடுத்துச் செல்கின்றனர். பொடியை நீரிற் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துள் இட்டுவிடல் வேண்டும், எஞ்சியதைக் கொட்டிவிடுவர். ஆதலின் ஒரு சிற்றூரில் கரைத்ததை அடுத்த சிற்றூருக்கு நிதானமாக நடந்து கொண்டுசெல்ல இயலாது.