மார்கழி முதல் தைப்பொங்கல் வரை: இளங்குடும்பத்துக்கு ஒரு மாதப் பாடம்



டிசம்பர் 16ஆம் திகதி அளவில் மார்கழி பிறக்கிறது. ஜனவரி 14 அல்லது 15ஆம் திகதி தைப்பொங்கல். இடையிலே இருப்பது ஒரு மாதம். இந்த ஒரு மாதத்தில் நம் தோட்டங்களில் நடக்கிற கூடல்களை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை பஜனை, திருவெம்பாவைப் பூசை, பக்கத்து லயத்தில் நத்தார், ஜனவரி முதலாம் திகதி புது வருசம், கடைசியில் பொங்கலும் மாட்டுப் பொங்கலும். கொழும்பில் கடையில் நிற்கிற தம்பி வருவான். வேறு தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்த நாத்தனார் பிள்ளைகளோடு வருவார். சிவனொளிபாதமலைப் பயணமும் டிசம்பர் பௌர்ணமியோடு தொடங்கிவிடும்.

சந்தோஷமான மாதம்தான். ஆனால் நலன்புரி வேலையாக லயத்துக்கு லயம் போய்வருகிறபோது ஒன்றைக் காண்கிறோம். மாசி மாதத்தில் சில வீடுகளில் அடுப்பு ஒரு நேரம்தான் எரிகிறது. கேட்டால், "பொங்கலுக்குச் செலவாயிருச்சிங்க" என்கிறார்கள். அதே வருமானம் உள்ள பக்கத்துக் காம்பராவில் பொங்கலும் நன்றாக நடந்தது, மாசியும் கஷ்டமில்லாமல் போகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இம்மாதப் பாடம்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் கவ்வாத்து வேலைக்கும் மருந்தடிக்கவும் போகிறவர். மனைவி கொழுந்தெடுக்கிறார. மூத்த பெண்பிள்ளைக்கு ஐந்து வயது, வரும் வருசம் முதலாம் வகுப்பு. சின்னவனுக்கு எட்டு மாதம். அவரின் தாயாரும் கூடவே இருக்கிறார். நம்மில் பாதிப் பேர் வீடு இப்படித்தான் இருக்கும்.

1. முதலில் காசுக் கணக்கு

சம்பளம் 10ஆம் திகதியை அண்டித்தான் கைக்கு வரும். ஜனவரி 10ஆம் திகதி வாங்கியதை 15ஆம் திகதிக்குள் முடித்துவிட்டால், பெப்ரவரி 10ஆம் திகதி வரை 26 நாள் இருக்கிறது. அந்த 26 நாளும் கடைக்காரர் புத்தகத்தில் எழுதித்தான் சாப்பிட வேண்டும்.

இன்னும் இரண்டு விசயம் சேருகிறது. ஒன்று, தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் இன்னும் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். இரண்டு, ஜனவரி, பெப்ரவரியில் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் வெயிலும் இரவுப் பனியும் சேர்ந்து கொழுந்தைக் குறைக்கும். நுவரெலியாப் பக்கத்து உயரமான மலைகளில் உறைபனி விழுந்து செடி கருகுவதும் உண்டு. கொழுந்து குறைந்தால் பேரும் குறையும், கைக்காசு வேலையும் குறையும். ஆகவே பெப்ரவரியில் வாங்கப்போவது ஜனவரியில் வாங்கியதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று இப்போதே நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் என்ன செய்யலாம்? மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கணவனும் மனைவியும் ஒரு பழைய கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாட்டியையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். வரிசை இப்படி இருக்கட்டும்:

அ. பெப்ரவரி 10ஆம் திகதி வரைக்குமான அரிசி, கோதுமை மாவு, பருப்பு, பிள்ளைக்கான சாப்பாடு.
ஆ. பிள்ளையின் பள்ளிக்கூடச் சாமான். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. கொப்பி, சப்பாத்து, பை, குடை பெரும்பாலும் நம் பொறுப்பு.
இ. கட்ட வேண்டிய கடன், சீட்டுக்காசு.
ஈ. பொங்கல் சாமான், விருந்துச் செலவு.
உ. புதுத்துணி.

அநேகமான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் துணிக்கடைக்குப் போகிறோம், கடைசியில் அரிசிக்குக் கடன் கேட்கிறோம். தீபாவளிக்கு எடுத்த துணி இரண்டு மாதத்தில் பழசாகிவிடாது. துவைத்து மடித்து வைத்தால் பொங்கலுக்கு அதுவே புதுசு. பிள்ளைக்கு மட்டும் ஒன்று எடுத்தால் போதும்.

வட்டிக்கு வாங்குவதைப் பற்றியும் ஒரு கணக்குப் பார்ப்போம். நூற்றுக்குப் பத்து வட்டி என்று 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டி. முதலைக் கட்ட முடியாமல் வட்டியை மட்டும் கட்டி வந்தால் ஒரு வருசத்தில் 12,000 ரூபாய் போய்விடும். அதற்குப் பிறகும் அந்த 10,000 அப்படியே நிற்கும். அடுத்த பொங்கல் வந்தும் போன பொங்கலின் கடன் தீராது. தவிர்க்க முடியாமல் நகை வைக்க வேண்டி வந்தால் வங்கியில் வையுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மீட்க வேண்டிய திகதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள்.

சம்பளத்தை யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாலும், அது இரண்டு பேர் உழைப்பு. மனைவி எடுத்த கொழுந்துக்கு எவ்வளவு கிடைத்தது என்பது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டை மடித்துப் பையில் போடாமல் இருவரும் சேர்ந்து வாசித்துப் பார்க்கும் வீட்டில் காசுச் சண்டை குறைவு. இது நாம் கண்ட உண்மை.

2. விருந்தாளி வரும்போது

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்து பேர் இருக்கிற இடத்துக்கு இன்னும் நாலு பேர் வந்தால் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் வந்தவர்களை "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று கூப்பிட்டு உட்கார வைப்பது நம் குணம். அதை விடவேண்டாம். சில விசயங்களை மட்டும் முன்னமே பேசி வைத்துக்கொள்வோம்.

விருந்து என்றால் கோழியும் போத்தலும் சோடாவும்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. தோட்டத்து ரொட்டியும் கட்டச் சம்பலும் கொழும்பிலிருந்து வருகிறவனுக்குக் கிடைக்காத சாப்பாடு. பின்வளவில் பிடுங்கிய கீரை, போஞ்சி, லீக்ஸ், பருப்புக்கறியோடு சோறு போட்டால் அவன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுவான்.

மனைவியும் காலையில் பிரட்டுக்குப் போய் சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்தான். வந்தவுடன் ஒன்பது பேருக்குச் சமைக்க வேண்டும் என்றால் அவருக்குப் பண்டிகை எங்கே? பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது, விறகு பிளப்பது, தேங்காய் திருவுவது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் ஆம்பிளை செய்யக்கூடிய வேலைதான். வந்த மச்சானும் கூடச் செய்யட்டும். சிரித்துப் பேசிக்கொண்டு செய்தால் அதுவே ஒரு கூடல்.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இன்னும் மூன்று கவனம் வேண்டும். இருமலும் காய்ச்சலும் உள்ளவர் பிள்ளையைத் தூக்கி முத்தமிட வேண்டாம். பிள்ளை இருக்கிற காம்பராவுக்குள் பீடி, சிகரட் வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு மசித்த சோறு, பருப்பு, கீரை, முட்டை கொடுக்கலாம், தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது. ஆசைக்கென்று யாரும் தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்க வேண்டாம். தேத்தண்ணி சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தாய்மாரும் சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் பொறுப்பது நல்லது. நாம் தயாரிக்கிற தேயிலைதான், ஆனால் குடிக்க நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும்.

3. காசில்லாத சந்தோஷங்கள்

பிள்ளைகள் எதை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். போன பொங்கலுக்கு எடுத்த சட்டையின் விலையை ஒரு பிள்ளையும் சொல்லாது. "அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கிட்டு பஜனைக்குப் போனார்" என்று சொல்லும்.

மார்கழி பஜனை நம் தோட்டங்களுக்குச் சொத்து. விடியுமுன் பனியில் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் கேட்டால் லயம் முழுவதும் எழுந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக் கூட்டிப்போங்கள். சுண்டலும் பொங்கலும் கையில் வாங்கிச் சாப்பிடட்டும். பாட்டைக் கேட்டுக் கேட்டே பிள்ளைக்குத் தமிழ் வரும். ஆண்டாளின் திருப்பாவை 30 பாட்டு. ஒரு நாளைக்கு ஒன்று என்று கேட்டாலும் மாதம் நிறைந்துவிடும்.

வாசலில் கோலம் போடும்போது பிள்ளையையும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்தால் 25 என்று எண்ணட்டும். முதலாம் வகுப்புக்குப் போகுமுன் எண்ணத் தெரிந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பயப்படாது.

பாட்டியிடம் பழைய கதை கேளுங்கள். அவர் கொழுந்தெடுத்த நம்பர் மலை, அந்தக் காலத்துக் கங்காணி, காமன் கூத்தில் தாத்தா ரதி வேசம் கட்டியது எல்லாம் அவரோடு போய்விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும், வெயிலில் இஸ்தோப்பில் உட்கார்ந்து தலைவாரி விடுவதும், மைதானத்தில் தகப்பனும் பிள்ளையும் பந்து விளையாடுவதும் செலவில்லாத பண்டிகை. நத்தாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கேக் கொண்டுவந்து கொடுத்தால், பொங்கலன்று நம் பிள்ளை கையில் ஒரு கோப்பைப் பொங்கலைக் கொடுத்தனுப்புங்கள். மதம் வேறானாலும் லயம் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளை அன்றைக்கே படித்துக்கொள்ளும்.

4. பொங்கல் நாளில்

ஒரு சின்னக் குடும்பத்துக்கு அரைக் கிலோ பச்சையரிசி, 100 கிராம் வறுத்த பயறு, அரைக் கிலோ சர்க்கரை, ஒரு தேங்காயின் பால், கொஞ்சம் ஏலக்காய் போதும். முந்திரி இல்லையென்றால் பொங்கல் பொங்காமல் போகாது. அரிசியும் பயறும் சேர்ந்தால் பிள்ளைக்கு நல்ல சத்து. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முழு முந்திரி, கடலை கொடுக்கக்கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

வாசலில் அடுப்பு வைப்பதால் இன்னொரு கவனம். நைலோன் சேலை, நீளத் தாவணி கட்டிக்கொண்டு அடுப்பருகில் நிற்க வேண்டாம். பானையின் அருகில் பிள்ளைகள் ஓட வேண்டாம். சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய், மை ஒன்றும் பூசாமல், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். காயம் பெரிதென்றால் 1990க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ்.

5. போத்தல் விசயம்

இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முடியாது. வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு போத்தல் என்று கணக்குப் போட்டால், பிள்ளையின் சப்பாத்து முதலில் போகும், பிறகு அரிசி போகும், பிறகு வீட்டின் அமைதி போகும். கசிப்பு என்றால் உயிரே போகலாம். பண்டிகைக்கு மறுநாள் பேர் இல்லாமல் படுத்தால் அந்த நாள் சம்பளமும் இல்லை. "மச்சான், இந்தத் தடவை போத்தல் இல்ல, புள்ளைய பள்ளிக்கூடத்துல சேர்க்கிறோம்" என்று சொல்கிற ஆம்பிளையை யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். நினைக்கிறவன் உறவும் இல்லை. குடித்துவிட்டு அடிக்கிற வீடென்றால், அதைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். பெண்களுக்கான 1938 இலக்கத்துக்குச் சொல்லலாம், தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

6. பொங்கல் முடிந்த பிறகு

மாட்டுப் பொங்கலும் முடிந்து விருந்தாளிகள் பஸ் ஏறியதும் அந்தப் பழைய கொப்பியை மறுபடி எடுங்கள். நினைத்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று எழுதுங்கள். கூடியிருந்தால் எதில் கூடியது என்று பாருங்கள். சண்டை போடுவதற்காக இல்லை, அடுத்த வருசத்துக்காக. மாதம் 500 ரூபாய் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டால் அடுத்த மார்கழிக்கு 6,000 ரூபாய் இருக்கும். கொப்பிக்கும் சப்பாத்துக்கும் யார் வாசலிலும் நிற்கத் தேவையில்லை.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. பெப்ரவரி 10ஆம் திகதி வரை நம் வீட்டுக்கு எத்தனை கிலோ அரிசி, மாவு வேண்டும்?
2. தீபாவளி முற்பணத்தில் இன்னும் எத்தனை மாதம் வெட்டு இருக்கிறது?
3. இந்த மாதம் வீட்டில் யாருக்கு வேலை அதிகம்? அதில் எதை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம்?
4. காசு செலவில்லாமல் பிள்ளைகளோடு செய்யக்கூடிய மூன்று காரியங்கள் எவை?
5. பாட்டி, தாத்தாவிடம் இதுவரை கேட்காத ஒரு கதை எது?

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசித்துக் காட்டட்டும். பதில்களைக் கொப்பியில் எழுதிவைத்து, அடுத்த தாய்மார் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

எல்லாருடைய பானையும் பொங்கட்டும். மாசியிலும் எல்லாருடைய அடுப்பும் எரியட்டும்.