பிரஷரை வீட்டிலேயே சரியாகப் பார்ப்பது எப்படி?

மருந்துக்கடையில் போகிற போக்கில் பார்த்த ஒரே ஒரு அளவை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கும். டாக்டர் எதிரே உட்கார்ந்தாலே சிலருக்குக் கூடிவிடும். ஒரு வாரம் வீட்டில் முறையாகப் பார்த்து எழுதிய தாள், டாக்டருக்கு மிகவும் உதவும்.

முதலில் கருவி. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவியே நல்லது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இன்ச் டேப்பால் சுற்றளவு எடுங்கள். பட்டையில் அச்சிட்டிருக்கும் செ.மீ. அளவுக்குள் அது வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால், இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும்.

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. சட்டைக் கைக்கு மேலே பட்டையைச் சுற்றாமல் தோலின் மேல், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே சுற்றி, கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். பட்டை இறுகும்போது பேசாதீர்கள். பக்கத்தில் இருப்பவரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் கூடுதலோ, இனி அந்தக் கைதான். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், மாலையில் ஒருமுறை. ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டுக் கணக்கில் சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, மேல் அளவு கீழ் அளவு எதுவானாலும், டாக்டரைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது அந்த எல்லை 140/90.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று தட்டில் வைத்துக்கொண்டால் பலனில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டு வடிக்கும் பழக்கத்தையும் விடலாம். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

அளவு இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் ஏராளம். இறங்கியதே மாத்திரையால்தான்! கால் வீக்கமோ வறட்டு இருமலோ வந்தால் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். மூட்டுவலிக்கு நீங்களாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் பிரஷரை ஏற்றும், அதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. செலவை நினைத்து ஒரு வேளைகூட விட வேண்டியதில்லை.

180/120-க்கு மேல் காட்டினால் 5 நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் என்று எது இருந்தாலும் மறு அளவுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.