மாத்திரையும் நடையும்

இருப்புப் பாதைப் பிரிவில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்குக் கால்தான் மூலதனம். டிராலியில் போனதை விட ஸ்லீப்பர் ஸ்லீப்பராக நடந்ததே அதிகம். ஓய்வுக்குப் பின்னும் காலையில் அம்பாஜரி ஏரிக்கரையில் ஒரு மணி நேர நடையை விட்டதில்லை. ஆகவே ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். 168 என்று வந்தபோது எனக்குக் கோபமே வந்தது. "இன்னும் கொஞ்சம் கூட நடக்கிறேன், மாத்திரை எதற்கு?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

நடை டிரைகிளிசரைடைக் குறைக்கும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது, ஆனால் எல்.டி.எல்.லைச் சிறிதளவே இறக்கும் என்றார். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் தின்பதல்ல, உடம்பே தயாரிப்பது. ஸ்டேடின் மாத்திரை அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ஓர் என்சைமைக் கல்லீரலில் தடுக்கிறது. தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்கிறது. 1970களில் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்தில் கண்டெடுத்த சங்கதி இது. நீராவி இன்ஜின் பாய்லர்க் குழாயில் உப்புப் படிவது போலத்தான் கொழுப்பும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்லவாம். அது ரத்தக் குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகிறது.

அட்டார்வாஸ்டேடின் 10 மி.கி. ஆரம்பித்த மூன்றாவது வாரம் இரு தொடைகளிலும் வலி. "ஸ்டேடின் தசையைத் தின்றுவிடும் சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். ஒரே வாரத்தில் வலி போயிற்று. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்.டி.எல். 171!

டாக்டர் திட்டவில்லை. "வலி வந்த வாரம் புதிதாக என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பேரனோடு போட்டி போட்டு செமினரி ஹில்ஸ் ஏற்றத்தில் ஓட ஆரம்பித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வலித்ததும் ஓட்டத்தையும் மாத்திரையையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறேன். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் பழுது எதில் என்று எப்படித் தெரியும்? டிப்ளமா படித்தவன் செய்கிற வேலையா இது!

பிறகு சமதள நடையோடு மாத்திரையை மறுபடி தொடங்கினேன். ஒரு மாதம் வலியில்லை. அதன்பின் ஏற்றத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். நான்கு மாதத்தில் எல்.டி.எல். 102.

நண்பர்கள் கேட்பதால் இன்னும் சில. தசைக்காக சி.கே. பரிசோதனை எழுதித் தந்தால், அதற்கு முந்தைய சில நாள்கள் கடுமையான பயிற்சி வேண்டாம். பயிற்சியே அந்த எண்ணை ஏற்றிவிடும். வலி தாங்க முடியாமல் போனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். அரிதுதான், ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் ஸ்டேடினோடு ஒத்துப்போகாது. வேறு எதற்காவது டாக்டரிடம் போகும்போது ஸ்டேடின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பம்பளிமாஸ் வகைப் பழங்களைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் நாக்பூர் சந்த்ராவுக்குத் தடையில்லை.