காய்ச்சல் நேரத்தில் வைட்டமின் டி 13: அப்படியே நம்பலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66. போன மாதம் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சல் நிமோனியாவாகி, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 13 என்று வந்தது. 'அந்தச் சத்து இல்லாததால்தான் சளி நெஞ்சுக்கு இறங்கிவிட்டது' என்கிறார் சித்தப்பா. வீட்டில் எல்லோருமே 60,000 யூனிட் பாக்கெட் வாங்கிச் சாப்பிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: சித்தப்பா காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். உடலில் அழற்சி கிளம்பியதும் ரத்தத்தில் வைட்டமின் டியின் அளவு தானாகவே இறங்கும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை 2011-இல் ஆராய்ந்தபோது, இரண்டே நாளில் அது ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்திருந்தது. உண்மையான கையிருப்பு பாதியாகக் கரையவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஆக, அந்த 13-இல் எவ்வளவு அப்பாவின் பழைய குறைபாடு, எவ்வளவு நோயின் வேலை என்று அந்த ஒரு சீட்டை வைத்துச் சொல்ல முடியாது.

கோவிட் காலத்திலும் இதே பேச்சுதான். தீவிர நோயாளிகளுக்கு அளவு குறைவாக இருந்ததைப் பல நாடுகளில் பார்த்தார்கள். ஆனால் முதுமை, உடல் பருமன், சர்க்கரை நோய், வெளியே நடமாட முடியாமை எல்லாம் வைட்டமினையும் குறைக்கும், நோயையும் முற்றவைக்கும். கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 240 நோயாளிகளிடம் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு ஒரே வேளையில் இரண்டு லட்சம் யூனிட், மறுபாதிக்கு வெறும் போலி மருந்து. ரத்தத்தில் அளவு ஏறியது. வீடு திரும்பும் நாள் முந்தவில்லை. நார்வேயில் சுமார் 34,000 பேரிடம் நடந்த, வைட்டமின் டி உள்ள மீன் ஈரல் எண்ணெய் ஆய்விலும் தொற்று குறையவில்லை.

மறுபக்கமும் உண்டு. அளவு 10-க்கும் கீழே போனவர்களுக்கு, தினமும் சிறு அளவில் கொடுத்தால் சுவாசத் தொற்று குறைகிறது என்று 2017-இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. பின்னால் வந்த பெரிய தொகுப்பில் அந்த நன்மை மிகவும் மெலிந்துவிட்டது.

பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். 60,000 யூனிட் என்பது பொதுவாக வாரம் ஒரு முறை, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து. பால் பவுடர் மாதிரி தினமும் கலக்கிக் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம், கடைசியில் சிறுநீரகக் கோளாறு வரை கொண்டுபோய்விடும். நீங்களும் அம்மாவும் இதைத் தொட வேண்டாம். அப்பாவுக்கு மருத்துவர் எழுதித் தந்திருந்தால் சொன்ன கணக்கில் முடிக்கட்டும். அவர் எலும்புக்கு அது தேவைப்படலாம். எழுதித் தரவில்லையென்றால், உடம்பு தேறி இரண்டு மாதம் கழித்து ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

வெயிலில் உட்காரச் சொல்வதானால், நிழல் ஆளைவிடக் குட்டையாக விழும் நேரத்தில் சொல்லுங்கள், பத்து இருபது நிமிடம். காலை ஆறரை மணி இளவெயில் மனசுக்கு நல்லது. வைட்டமின் டிக்குப் பெரிதாக உதவாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஃப்ளூ தடுப்பூசியையும் நிமோனியா தடுப்பூசியையும் கேளுங்கள். 66 வயதில் அப்பாவின் நெஞ்சுக்குப் பாக்கெட்டைவிட அவைதான் முக்கியம்.