பெட்டியைத் திறக்காதே

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. கைப்பிரதியை நாலு தடவை புரட்டியும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்கிறாய். எழுதியவர் யார் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியவில்லை. ‘இதுக்கு நான் என்னண்ணே படம் போடுறது?’ என்று கேட்டிருக்கிறாய். பட்டுச் சேலைக்குக் கிராப் போட்டுப் பழகிய கை, முதல்முறையாக ஒரு குழந்தைகள் நாவலுக்குப் படம் போடப் போகிறது. உதறத்தான் செய்யும். இதே உதறலோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

எழுதியவர் யாரென்ற கவலையை முதலில் விடு. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவை எத்தனை தலைமுறை படித்தது! அதில் வந்த மாயாஜாலத் தொடர்களுக்கு எழுதியவர் பெயரே போட மாட்டார்கள். அவற்றில் பலவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமணியம் என்பது எனக்குத் தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில் ‘சித்ரா’ என்ற கையெழுத்து இருக்கும். எங்களுக்கு அந்த மந்திரவாதிகளையும் குகைகளையும் கொடுத்த ஆள் என்று தெரிந்தது அவர் ஒருவரைத்தான். படம் போடுகிறவனுக்கு இது பெருமையா பயமா, நீயே முடிவு செய்துகொள்.

எனக்கு வாய்த்த முன்பின் தெரியாத ஆள் ஒரு பிரெஞ்சுக்காரர், அந்த்வான் து செந்த் எக்சுபெரி. புத்தகம் ‘குட்டி இளவரசன்’. ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவர, 1981-இல் க்ரியா வெளியிட்டது. ஆசிரியர் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தோற்றுப்போய், புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாலாற்று மணலில் போய் உட்கார்ந்தேன். அப்போது ஆற்றில் மணல் இருந்தது. சகாராவில் விமானம் பழுதாகிக் கிடக்கிற கதைக்குச் சித்திரை மாதத்துப் பாலாறு தோதான இடம். விமானியான அவரே 1935 டிசம்பரில் சகாராவில் விழுந்து பிழைத்தவர். 1943-இல் நியூயார்க்கில் இந்தப் புத்தகம் வந்த மறுவருஷம், ஜூலை 31-ஆம் தேதி, கோர்சிகாவிலிருந்து வேவுப் பணிக்குப் பறந்தவர் திரும்பவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. தெரியாமல் படித்ததே நல்லதாகப் போயிற்று.

முதல் தடவை பாதிக்கு மேல் பிடிபடவில்லை. பிடிபட்டது அவரே வரைந்த படங்கள். பாலைவனத்தில் திடீரென்று ஒரு பையன், அவன்தான் குட்டி இளவரசன், வந்து நின்று ஆடு வரைந்து தரச் சொல்கிறான். வரைந்து கொடுத்த முதல் ஆடு சீக்காளி. இரண்டாவதற்குக் கொம்பு இருக்கிறது, அது கிடா. மூன்றாவது கிழடு. எஞ்சினைக் கழற்றுகிற அவசரத்தில் இருக்கும் விமானி எரிச்சலில் ஒரு பெட்டியைக் கிறுக்கி, நீ கேட்ட ஆடு உள்ளே இருக்கிறது என்று நீட்டிவிடுகிறான். பையனுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. பெட்டியின் பக்கவாட்டில் மூன்று ஓட்டை. அவ்வளவுதான் படம்.

உன் தொழிலில் இது நடக்காது. கிராப் தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நீ பதில் சொல்லியாக வேண்டும். கட்டம் நிரம்பினால் அட்டையில் ஓட்டை விழும், ஓட்டை விழுந்தால் கொக்கி தூக்கும், பாவு எழும். ஒரு கட்டத்தைச் சும்மா விட்டால் அன்னத்துக்கு மூக்கு போய்விடும். 240 கொக்கியில் ஒன்று பிசகினாலும் தறிக்காரர் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அப்படி வளர்ந்த கை, கதையில் சொல்லாமல் விட்ட இடத்தையும் நிரப்பித்தான் தீருவேன் என்று நிற்கும்.

என் கையும் அப்படித்தான் நின்றது. தொடக்கத்தில் ஒரு தொடர்கதைக்குப் படம் போட்டேன். கிணற்றுக்குள் ஏதோ புரண்டது என்று அத்தியாயம் முடிகிறது. நான் செதில் செதிலாக ஒரு முதலையைப் போட்டுக் கொடுத்தேன். பல்லை எண்ணி எண்ணிப் போட்டேன். அடுத்த வாரம் வந்தது; கிணற்றில் புரண்டது நிலா. எழுதியவர் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பையன்தான், ‘அப்ப முதலை எங்க போச்சு?’ என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

குட்டி இளவரசனின் தொடக்கத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. விமானி ஆறு வயதுப் பையனாக இருந்தபோது யானையை விழுங்கிய மலைப்பாம்பை வரைகிறான். பெரியவர்கள் தொப்பி என்கிறார்கள். சரியென்று வயிற்றுக்குள் யானை தெரிகிற மாதிரி இன்னொன்று வரைகிறான். படத்தை மூட்டைகட்டிவிட்டுப் பூகோளம் படி என்கிறார்கள். முதல் படம்தான் கதை. இரண்டாவது அதற்கு எழுதிய கோனார் உரை. பதிப்பாளர் உன்னிடம் இரண்டாவதைத்தான் கேட்பார்: ‘கொஞ்சம் புரியிற மாதிரி போட்டுடுங்க தம்பி.’ தலையை ஆட்டிவிட்டு முதலாவதையே கொடு.

அதற்காக எல்லாவற்றையும் மூடிவைக்கவும் முடியாது. அதே புத்தகத்தில் ஒரு குட்டிக் கிரகத்தையே வேரால் நெரிக்கும் பவோபாப் மரங்கள் மூன்றை எவ்வளவு பாடுபட்டு வரைந்திருக்கிறார் பார். அந்த ஆபத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தாக வேண்டும். கதை சொல்கிற விமானியோ ஒரு படத்தில்கூட இல்லை. எதைப் போடுவது, எதை விடுவது என்பதைக் கதையின் சட்டம்தான் சொல்லும். இதே புத்தகத்தில் வருகிற விளக்கேற்றுகிறவனின் கிரகம் நிமிஷத்துக்கு ஒரு தடவை சுற்றுகிறது. அதனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை விளக்கை ஏற்றி அணைக்கிறான். அதனால் 24 மணி நேரத்தில் அங்கே 1,440 அஸ்தமனம். கிறுக்குத்தனமான கதை, ஆனால் கணக்கில் ஒரு இழை அறுந்திருக்காது.

உன் கைப்பிரதியிலும் இதைத்தான் தேடு. தென்னேரி ஏரிக்கு அடியில் ஒரு தெரு, அங்கே நெய்கிற சேலைக்குத் தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் நிறம், மேலே வந்து காய்ந்தால் வெள்ளை என்று எழுதியிருந்தாயே. எனக்கு அந்த ஒரு வரியிலேயே ஆளைப் பிடித்துவிட்டது. பதினாலாம் அத்தியாயத்தில் அந்தப் பெண் கரையேறுகிறாள் என்றாயே, அப்போது சேலை வெளுக்கிறதா? வெளுத்தால் எழுதியவரை நம்பு, மீதி விசித்திரத்துக்கும் அவரிடம் கணக்கு இருக்கும். சௌகரியத்துக்காக நிறம் ஒட்டிக்கொண்டே வந்தால் பதிப்பாளரிடம் சொல். படம் போடுகிறவன்தான் இதை முதலில் கண்டுபிடிப்பான். அவன்தானே சாயம் கரைக்க வேண்டும்.

தப்பு வந்துவிடுமோ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். வரும். குட்டி இளவரசனின் ரோஜாவை ஆடு தின்றுவிடாமல் இருக்க விமானி ஒரு வாய்ப்பூட்டு வரைந்து கொடுக்கிறான். பையன் போன பிறகுதான் நினைவு வருகிறது, அதைக் கட்டுகிற தோல்வாரைப் போடவில்லை. ஆடு ரோஜாவைத் தின்றதா இல்லையா என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஓவியன் மறந்த ஒரு வாரில்தான் அந்த நாவலின் முடிவே தொங்குகிறது. கடைசிப் படத்தைப் பார்த்திருக்கிறாயா? மணல்மேட்டுக்கு இரண்டு கோடு, மேலே ஒரு நட்சத்திரம். முன்பு பையன் நின்ற அதே இடம், இப்போது அவன் இல்லை. உன் கிராப் தாளில் போட்டால் ஒரு வரிசைக் கட்டம்கூட முழுசாக நிரம்பாது.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். காஞ்சி வரதர் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை போகிற அன்றைக்கு நம் தெருவில் எப்படியும் தறிச் சத்தம் இருக்காது. கைப்பிரதியை எடுத்துக்கொண்டு வா. பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு வா. பதினாலாம் அத்தியாயத்தை நீ வாய்விட்டுப் படி, நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

உன் அண்ணன்